உழைக்கும் பாட்டும் உரிமைத் தொகையும்



இந்த மேடையில் ஆண்டுதோறும் இலக்கியமோ சமயமோ பேசப்பட்டு வருவது வழக்கம். இவ்வாண்டு விருப்பமான பொருள் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம் என்று அறக்கட்டளைக் குழுவினர் எழுதியபோது, உடற்பயிற்சிக் கூடங்களில் ஒலிக்கும் பாட்டுக்குக் கட்டணம் செலுத்த வேண்டுமா, வேண்டுமாயின் யாருக்கு, அப்பணம் எங்கே போய்ச் சேர்கிறது என்பதைப் பற்றிப் பேச விரும்புகிறேன் என்று பதில் எழுதினேன். அற்பமான விஷயம் போலத் தோன்றும் இதனை, நிலக்கரி வெட்டும் மந்தாரக்குப்பத்தில் வந்து பேசுவதற்குக் காரணம் உண்டு.

இவ்வூராருக்கு ‘ராயல்டி’ என்னும் சொல் புதியதன்று. ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் 1930-களின் நடுவில் கிணறு தோண்டியபோது நீரோடு கரிய பொருள் வெளிப்பட்ட வரலாற்றை இங்குள்ள குழந்தைகளும் அறிவார்கள். 1956-இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றி, 1957 மே மாதம் ஜவாஹர்லால் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்த நாளிலிருந்து, பூமிக்கடியில் கிடந்தது மேலே வந்து மின்சாரமாகிப் பல ஊர்களுக்கு வெளிச்சம் தருவதையும், அப்படி எடுக்கப்படும் ஒவ்வொரு டன்னுக்கும் மாநில அரசுக்குரிய பங்காக ராயல்டி செலுத்தப்படுவதையும், நிலத்தைக் கொடுத்த குடும்பங்கள் தங்களுக்குரியது வந்து சேர்ந்ததா என்று இன்றளவும் கேட்டு நிற்பதையும் நீங்கள் கண்ணாரக் கண்டு வருகிறீர்கள். அதே சொல்தான் பாட்டுக்கும் வழங்குகிறது. எடுத்துப் பயன்படுத்துகிறவன், கொடுத்தவனுக்கு உரிய பங்கைக் கொடுக்க வேண்டும் என்ற நியாயம் இரண்டிலும் ஒன்றே. ஆனால் ஒரு பேதம் உண்டு. கரி எரிந்தால் சாம்பலாகிறது. பாட்டோ பாடப்பாடக் குறைவதில்லை, கேட்கக்கேட்கத் தேய்வதில்லை. குறையாத ஒன்றுக்கு விலை எதற்கு என்று கேட்பவருக்கு என்ன பதில் சொல்வது என்பதுதான் என் மனத்தை நெடுநாளாக அலைக்கழித்த கேள்வி.

சில மாதங்களுக்கு முன் இவ்வூர்க் கடைவீதியில் ஒரு மாடிப்படி ஏறி, ஓர் இளைஞர் நடத்தும் ஜிம்முக்குப் போயிருந்தேன். சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளியாக வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில், பழைய டிரெட்மில் ஒன்றும், இரும்புத் தட்டுகளும், சுவரை மறைக்கும் கண்ணாடியும், மூலையில் இரண்டு சவுண்டு பாக்ஸும் வைத்து அவர் அக்கூடத்தை நடத்துகிறார். காலையில் வேலைக்குப் போகுமுன் வரும் பையன்கள், பத்து மணிக்குப்பின் வரும் பெண்கள், இரவு ஷிப்டுக்குப் புறப்படுமுன் வந்து போகும் நடுவயதினர் எல்லோருக்கும் அவர் ‘மாஸ்டர்’. நான் போன அன்று, ஆங்கிலத்தில் அச்சடித்த ஒரு கடிதத்தை என்னிடம் நீட்டினார். இசைக்கு உரிமம் பெறாமல் பொதுஇடத்தில் பாட்டு ஒலிபரப்புவது குற்றம் என்றும், குறித்த நாளுக்குள் பணம் செலுத்தாவிடில் நடவடிக்கை எடுக்கப்படும் என்றும் அதில் எழுதியிருந்தது. அனுப்பியவர் யார் என்பது இங்கு முக்கியமன்று.

“ஐயா, மாசாமாசம் சந்தா கட்டித்தானே போன்ல பாட்டு ஓடுது? அப்புறம் இது எதுக்கு?” என்று கேட்டார். நான் பதில் சொல்லுமுன் அவரே, “கட்டமாட்டேன்னு நான் சொல்லல. யாருக்குக் கட்டணும்னு தெரிஞ்சாப் போதும். இந்த லெட்டர் மாதிரியே இன்னொரு ஆபீஸ்லேருந்தும் வருதே” என்றார். பல நூல்கள் பேசும் பிரச்சினையை அந்தச் சில வாக்கியங்களில் அவர் அடக்கிவிட்டார் என்றே எனக்குத் தோன்றியது. இச்சொற்பொழிவு அவருக்கு நான் அன்று சொல்ல முடியாமற்போன பதில்.

சந்தா விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். ஸ்பாட்டிபை போன்ற சேவைகள் நம்மிடம் பெறும் சந்தா, தனிமனிதர் தம் சொந்த அனுபவத்துக்காகக் கேட்பதற்கு மட்டுமே உரியது என்று அவற்றின் நிபந்தனைகளே சொல்கின்றன. வீட்டுக்கென்று வாங்கிய மின்சார இணைப்பில் மாவுமில் ஓட்டினால் மின்வாரியம் என்ன சொல்லுமோ அதைத்தான் அவையும் சொல்கின்றன. ஆதலின் மாஸ்டர் கட்டிய சந்தா அவருடைய காதுக்கு, கூடத்துக்கு அன்று.

இனி, பாட்டு அக்கூடத்தில் என்ன வேலை செய்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். தேகப்பயிற்சியும் பாட்டும் நம் நாட்டில் பிரிந்திருந்த காலமே இல்லை. சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் பந்தடிக்கும் பெண்களுக்குக் கந்துக வரியும், ஊஞ்சலாடும் பெண்களுக்கு ஊசல் வரியும், உலக்கை குற்றுவோருக்கு வள்ளைப் பாட்டும் அடுத்தடுத்து வைக்கப்பட்டிருப்பதைப் படிக்கும்போதெல்லாம், உடல் அசையும் இடத்திலெல்லாம் தாளமும் கூடவே வந்துவிடும் என்ற உண்மையை இளங்கோவடிகள் எவ்வளவு இயல்பாக உணர்ந்திருந்தார் என்று நான் வியப்பதுண்டு. ஏற்றம் இறைத்தவர்களும், நாற்று நட்டவர்களும், தோணி வலித்தவர்களும் பாடியது பொழுதுபோக்குக்காக அன்று; பாட்டு இல்லாவிடில் கை ஓய்ந்துவிடும் என்பதற்காக. இங்கிலாந்தில் புரூனல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த காஸ்டாஸ் காராஜியோர்கிஸ் என்னும் அறிஞர் பல்லாண்டுகள் இதனைச் சோதித்து ஆராய்ந்திருக்கிறார். மிதமான வேகத்தில் உழைக்கும்போது பொருத்தமான இசை களைப்பின் உணர்வைக் குறைக்கிறது. நிமிஷத்துக்கு ஏறக்குறைய 120 முதல் 140 தட்டு வரையுள்ள இசை பயிற்சிக்கு இசைவாக இருக்கிறது. ஆனால் உடல் தன் சக்தியின் எல்லையை நெருங்கும்போது இசையின் பிடி தளர்ந்துவிடுகிறது. இவை அவ்வாராய்ச்சிகளால் தெளிவான செய்திகள். தண்டாலும் பஸ்கியும் எடுத்துக் கர்லாக்கட்டை சுழற்றிய பழைய பயில்வான்கள் இதைச் சோதனைச்சாலை இல்லாமலே அறிந்திருந்தார்கள்.

எனவே ஜிம்மில் பாட்டு என்பது சுவரில் மாட்டிய படம் போன்ற அலங்காரம் அன்று. டிரெட்மில்லைப் போல, இரும்புத் தட்டைப் போல, அதுவும் அங்கே உழைக்கிறது. டிரெட்மில் செய்தவனுக்கு விலை கொடுத்தோம். கண்ணாடி பதித்தவனுக்குக் கூலி கொடுத்தோம். பாட்டுச் செய்தவனுக்கு மட்டும் ஏன் கொடுக்கவில்லை? குறையாத பொருளுக்கு விலை எதற்கு என்ற கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் இதுதான். கொடுப்பது பொருள் தேய்ந்ததற்காக அன்று; பிறர் உழைப்பை நம் வருமானத்தில் ஒரு கருவியாக வைத்துக்கொண்டதற்காக.

இந்த நியாயம் நெடுங்காலம் வாதிக்கப்பட்டது. பாரிஸ் நகரில் 1847-இல் ஒரு காபிக் கடையில் தாம் இயற்றிய பாட்டு ஒலிப்பதைக் கேட்ட எர்னஸ்ட் பூர்ழே என்பவரும் அவர் தோழர்களும், எங்கள் பாட்டுக்கு நீங்கள் பணம் தராதபோது உங்கள் பானத்துக்கு நாங்கள் ஏன் தர வேண்டும் என்று கேட்டுக் கிளம்பியதிலிருந்து மூண்ட வழக்கே, 1851-இல் ‘சாசெம்’ என்னும் உரிமைத்தொகை வசூல் சங்கத்தின் தோற்றத்துக்குக் காரணமாயிற்று. ஆயினும் நம் மாஸ்டரின் நிலைமைக்கு இன்னும் நெருங்கியது அமெரிக்க வழக்கு. நியூயார்க்கில் ஷான்லி என்னும் போஜனசாலையில் பாடகர்கள், விக்டர் ஹெர்பர்ட் இசையமைத்த நாடகப் பாட்டு ஒன்றைப் பாடினார்கள். ஹெர்பர்ட் வழக்குத் தொடுத்தார். சாப்பாட்டுக்குத்தான் நாங்கள் பணம் வாங்குகிறோம், பாட்டுக்குத் தனியே டிக்கெட் இல்லையே என்றார் முதலாளி. கீழ் நீதிமன்றங்கள் அதை ஏற்றுக்கொண்டன. 1917-இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி ஹோம்ஸ் அதனை மறுத்து, சாப்பிட வருபவர் சோற்றுக்கு மட்டும் அங்கே வருவதில்லை, அவ்விடத்தின் இனிமையையும் சேர்த்தே விலை கொடுத்துப் பெறுகிறார், ஆதலால் பாட்டும் அந்த லாபத்தில் பங்குடையது என்று தீர்ப்பளித்தார். ஜிம்மில் மாதக் கட்டணம் இரும்பைத் தூக்குவதற்குத்தான், பாட்டுக்கு அன்று என்று சொல்பவருக்கு, நூறாண்டுக்கு முன்பே சொல்லப்பட்ட விடை இது.

ஆனால் கொடுக்க வேண்டும் என்பது துணிந்தபின், யாருக்கு என்ற கேள்வி வருகிறது. அங்கேதான் சாதாரண மனிதன் திகைத்துப்போகிறான். ஏனெனில் பாட்டு என்று நாம் ஒன்றாகக் கேட்பது, சட்டத்தின் கண்ணுக்கு ஒன்றன்று. சொல் ஒருவருடையது, மெட்டு மற்றொருவருடையது, அவ்விரண்டையும் சேர்த்துப் பதிவு செய்த ஒலி வேறொருவருடையது. ஓர் உதாரணம் சொன்னால் விளங்கும். 1958-இல் வெளிவந்த ‘நாடோடி மன்னன்’ படத்தில், சோம்பலைக் கடிந்து பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் எழுதி, எஸ். எம். சுப்பையா நாயுடு இசையமைத்து, டி. எம். சௌந்தரராஜன் பாடிய பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள்; காலையில் உடற்பயிற்சிக்கு எழ மறுக்கும் பிள்ளைக்கு அதைவிடப் பொருத்தமான பாட்டு இல்லை. நம் சட்டப்படி சொல்லுக்கும் மெட்டுக்கும் ஆக்கியவரின் ஆயுளோடு 60 ஆண்டு. ஒலிப்பதிவுக்கோ வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டு. 29 வயதிலேயே 1959-இல் மறைந்த அக்கவிஞரின் சொல்லுக்குரிய காலவரையறை 2019 டிசம்பரோடு முடிந்தது. ஒலிப்பதிவின் காலம் அதற்கும் ஓராண்டு முன்பே, 2018 டிசம்பரோடு முடிந்தது. ஆனால் சுப்பையா நாயுடு காலமானது 1979-இல். ஆகவே மெட்டின் உரிமை 2039 டிசம்பர் வரை நிற்கிறது. ஒரே பாட்டில் இரண்டு பங்கு ஊருக்குப் பொதுவாகிவிட்டன, ஒரு பங்கு இன்னும் ஒருவருக்குரியது. இந்தக் கணக்கை இரும்புத் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருக்கும் மாஸ்டர் எங்கே போய்ப் பார்ப்பார்?

அப்பங்குகளை வசூலிப்பதற்கென்று ஸ்தாபனங்கள் இருக்கின்றன. ஒலிப்பதிவு நிறுவனங்களின் சார்பில் ‘போனோகிராபிக் பெர்பார்மன்ஸ் லிமிடெட்’ 1941-இல் தோன்றியது. கவிஞர், இசையமைப்பாளர், இசை வெளியீட்டாளர் ஆகியோரின் சார்பில் ‘இந்தியன் பெர்பார்மிங் ரைட் சொசைட்டி’ 1969-இல் பம்பாயில் அமைந்தது. பாடகர்களுக்கென ஒரு சங்கம் 2013-இல் பதிவாயிற்று. ஒலிப்பதிவுக்கென ‘ரெக்கார்டட் மியூசிக் பெர்பார்மன்ஸ் லிமிடெட்’ 2021-இல் பதிவாயிற்று. இவையன்றி, சில நிறுவனங்களின் பாடல்களுக்கு உரிமை பெற்றுத் தனியே உரிமம் வழங்கும் ‘நோவெக்ஸ்’ போன்ற கம்பெனிகளும் உண்டு. மாஸ்டருக்கு வந்த கடிதங்கள் ஒன்றுக்கு மேற்பட்டதில் வியப்பில்லை.

இதில் இன்னொரு சிக்கல். இப்படி உரிமம் வழங்கும் தொழிலைப் பதிவு பெற்ற பதிப்புரிமைச் சங்கம் மட்டும்தான் செய்யலாமா, உரிமையாளரென்று சொல்லிக்கொண்டு எவரும் செய்யலாமா என்பதில் நம் நீதிமன்றங்களே ஒத்துப்போகவில்லை. 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், ஒரு தகவல் தொழில்நுட்ப நிறுவனத்தின்மீது நோவெக்ஸ் தொடுத்த வழக்கில், பதிவு பெறாதவர் இத்தொழிலை நடத்தலாகாது என்றது. 2024 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றம், உரிமையாளர் தம் உரிமையைத் தாமே வழங்கத் தடையில்லை என்றது. 2025 ஏப்ரலில் தில்லி உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதி அமர்வு, பதிவு பெற்ற சங்கத்தின் கட்டண விகிதத்தைப் பின்பற்றித்தான் வசூலிக்கலாம் என்ற போக்கில் தீர்ப்பளிக்க, அதே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அதனை நிறுத்திவைத்தது. பெரிய வக்கீல்கள் பேசித் தீராத ஒன்றை, மந்தாரக்குப்பத்து மாடியில் இருப்பவர் மட்டும் ஐயமின்றி அறிந்து பணம் கட்ட வேண்டும், தவறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறைத்தண்டனைக்கும் 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதத்துக்கும் இடந்தரும் பதிப்புரிமைச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுக்கு அஞ்சி நிற்க வேண்டும் என்பது நியாயமாகுமா? யாருக்குக் கொடுப்பது என்பதைத் தெளிவாகச் சொல்லாத சட்டம், கொடுக்காததற்குத் தண்டிக்கும் தார்மிக பலத்தை இழந்துவிடுகிறது என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

மற்றொரு குறையை நான் இன்னும் அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவில் சில விதிவிலக்குகள் இருக்கின்றன. அவற்றுள் சில மிகச் சிறந்தவை. சமயச் சடங்கில் ஒலிக்கும் பாட்டுக்கு உரிமம் வேண்டாம். வில்லுடையான்பட்டு முருகன் கோயிலில் பங்குனி உத்திரத்துக்குக் காவடி எடுத்துவரும்போது ஒலிக்கும் பாட்டை எவரும் தடுக்க முடியாது. திருமண ஊர்வலத்தையும் அதைச் சார்ந்த கொண்டாட்டங்களையும் சமயச் சடங்கோடு சேர்த்தே சட்டம் கருதுகிறது. இவை நம் ஜனங்களின் வாழ்க்கையை அறிந்தவர்கள் எழுதிய விதிகள். ஆனால் அதே பிரிவு, குடியிருப்பு ஒன்றில் அங்கு வசிப்பவர்களின் பொது உபயோகத்துக்கான மூடிய அறையில் ஒலிப்பதிவைக் கேட்கச் செய்வதையும், லாப நோக்கமின்றி நடக்கும் மன்றத்தின் செயலாக அதைக் கேட்கச் செய்வதையும் விலக்கியிருக்கிறது. அதன் விளைவை யோசித்துப் பாருங்கள். சென்னையில் கோடிக்கணக்கான ரூபாய்க்கு வீடு விற்கும் அடுக்குமாடிக் கட்டடத்துக்குள், குளிரூட்டிய கண்ணாடி அறையில் குடியிருப்போர்க்கென வைத்திருக்கும் ஜிம்மில் பாட்டு ஒலித்தால் கட்டணம் இல்லை. நிலக்கரி நிறுவன நகரியத்துக்குள் லாப நோக்கமின்றி நடக்கும் மன்றம் ஒன்று தன் உடற்பயிற்சி அறையில் அதே பாட்டை ஒலிக்கச் செய்தாலும் கட்டணம் இல்லை. அந்த எல்லைக்கு வெளியே வந்து, சொந்த வீடும் மன்ற உறுப்பினர் சீட்டும் இல்லாத ஒப்பந்தத் தொழிலாளியின் மகன் பணம் கட்டிச் சேரும் மாடிக் கூடத்தில் ஒலித்தால் மட்டும் கட்டணம். எழுதியவர்களின் எண்ணம் அதுவன்று என்பதை அறிவேன். குடும்பங்கள் கூடிக் கேட்கும் வானொலி அறைகளை நினைந்து அவர்கள் எழுதியிருக்கலாம். எண்ணம் எதுவாயினும், வசதியுள்ளவனை விலக்கி வசதியற்றவனிடம் வசூலிப்பதாக முடிகிற ஒரு விதியைத் திருத்தாமல் வைத்திருப்பது நமக்கு அழகன்று.

கட்டணத்தின் அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. பதிவு பெற்ற சங்கம் தன் கட்டண விகிதத்தை வெளிப்படையாகப் பிரசுரிக்க வேண்டும் என்று 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் விதித்திருக்கிறது. ஆனால் விகிதம் அளவு மீறினால் என்ன நேரும் என்பதற்கு ஆஸ்திரேலியா சாட்சி. அங்கே ஒரு பயிற்சி வகுப்புக்கு ஒரு டாலருக்கும் குறைவாக இருந்த தொகையை 2010-இல் பதிப்புரிமைத் தீர்ப்பாயம் 15 டாலராக உயர்த்தியது. மேல்முறையீடும் வந்தது, இதற்கிடையில் ஜிம்காரர்கள் மூலப் பாடகரின் ஒலிப்பதிவைக் கைவிட்டு, வேறு யாரோ பாடிய நகல்களை நாடினார்கள். அதிகமாகக் கேட்டதனால் பாடகனுக்குக் கிடைக்கவிருந்ததும் போயிற்று. நம் ஊரில் உறுப்பினர் செலுத்தும் மாதக் கட்டணத்தை அளவையாக வைத்து, அதில் ஒரு சிறு பங்காகத் தொகையை நிர்ணயித்து, ஒரே இடத்தில், தமிழில் எழுதிய ஒரே ரசீதுக்குச் செலுத்தும்படி செய்தால், தயங்குகிறவர் மிகச் சிலரே இருப்பார்.

இப்போது மிக முக்கியமான பகுதிக்கு வருகிறேன். கொடுக்கும் பணம் பாட்டுச் செய்தவனைச் சென்று சேர்கிறதா?

நெடுங்காலம் சேரவில்லை. படத்தின் தயாரிப்பாளர் கூலி கொடுத்துப் பாட்டுச் செய்வித்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, அதன் முதல் உரிமையாளர் தயாரிப்பாளரே என்று சட்டம் இருந்தது. 1977-இல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கில் அது உறுதியாயிற்று. அவ்வழக்கில் உடனிருந்த நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர், சட்டம் பாடகரை முற்றிலும் மறந்துவிட்டதே என்று தனியே வருந்தி எழுதியதைத் தவிர, கலைஞர்களுக்கு அன்று வேறு ஆறுதல் கிடைக்கவில்லை. முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, மாநிலங்களவையில் ஜாவேத் அக்தர் முதலியோரின் முயற்சியால் 2012 ஜூனில் நடைமுறைக்கு வந்த திருத்தம், கவிஞரும் இசையமைப்பாளரும் உரிமைத் தொகையில் சரிபாதி பெறும் பாத்தியதையை, சட்ட வாரிசுகளுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ அன்றி, வேறு எவருக்கும் எழுதிக் கொடுத்துவிட முடியாது என்று செய்தது. வறுமையில் கையெழுத்திட்டாலும் கைவிட்டுப் போகாத உரிமை அது. மாஸ்டரின் சவுண்டு பாக்ஸில் ஒலிக்கும் ஒரு பாட்டின் சொல்லுக்கும் மெட்டுக்குமாக அவர் செலுத்தும் ரூபாயில் பாதி, சட்டப்படி இவ்விருவருக்கும் உரியது. இதைப் பின்னர் அவருக்கு நான் சொன்னபோது அவர் முகம் மாறியது. “அப்பக் கம்பெனிக்கு மட்டும் போறதில்லையா?” என்றார்.

பாட்டை யாருக்கும் சொந்தமில்லாமல் செய்துவிடலாமே என்று கேட்பவர்களும் உண்டு. அதற்கும் நம் நாட்டில் ஒரு பெருமைமிக்க முன்மாதிரி இருக்கிறது. பாரதியாரின் பாடல்களை ஒலிப்பதிவு செய்யும் உரிமை கைமாறிக் கைமாறி ஏவி. மெய்யப்பச் செட்டியாரிடம் வந்து சேர்ந்திருந்த காலத்தில், டி. கே. எஸ். சகோதரர்களின் ‘பில்ஹணன்’ படத்தில் பாரதி பாட்டு ஒன்று இடம்பெற்றதால் வழக்கு மூண்டது. பாரதி தமிழ் மக்கள் அனைவருக்கும் உரியவர் என்று கிளர்ச்சி எழுந்தது. 1949-இல், நம் தென்னாற்காட்டு மண்ணில் பிறந்த ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் அரசு அப்பாடல்களின் உரிமையை வாங்கிக்கொள்ள முன்வந்தபோது, செட்டியார் தம்மிடமிருந்ததை விலை கேளாமல் கொடுத்தார். பின்னர் அவை நாட்டுக்குப் பொதுவாயின. ஆனால் அதில் நான் மறக்க விரும்பாத ஒரு பகுதி உண்டு: பாரதியின் குடும்பத்தாருக்கு அரசு பணம் கொடுத்தே அவ்வுரிமையை எடுத்துக்கொண்டது. பொதுவாக்குவது வேறு, கொடாமல் எடுத்துக்கொள்வது வேறு என்பதை அவ்வரசு தெளிவாக உணர்ந்திருந்தது.

இன்னும் பழைய காலத்துக்குப் போனால், தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதிகம் விண்ணப்பம் செய்ய ராஜராஜ சோழன் நியமித்த 48 பிடாரர்களுக்கும், உடுக்கை வாசித்தவர் ஒருவருக்கும், கொட்டிமத்தளம் வாசித்தவர் ஒருவருக்கும், ஆளுக்கு நாள் ஒன்றுக்கு மூன்று குறுணி நெல் என்று அம்மன்னன் கல்லில் வெட்டிவைத்தான். அக்கல்வெட்டில் என்னைக் கவர்வது நெல்லின் அளவன்று. அந்த ஐம்பது பேரின் பெயரையும் ஒவ்வொன்றாக எழுதியிருக்கிறானே, அதுதான். யார் பாடினார் என்று எழுதிவைத்தால்தான் யாருக்குக் கொடுப்பது என்பது நிச்சயமாகும். இன்று கணினியும் இணையமும் இருக்கும் காலத்தில், கடைகளிலும் ஜிம்களிலும் எந்தப் பாட்டு ஒலித்தது என்று குறிப்பார் பெரும்பாலும் இல்லை. பல நாடுகளிலும் இத்தகைய இடங்களின் வசூலை வானொலி, தொலைக்காட்சிப் பட்டியல்களைப் பார்த்தே பங்கிடுகிறார்கள். மும்பையிலும் சென்னையிலும் அதிகம் ஒலிபரப்பாகும் பாட்டுக்கு அப்படிப் பங்கு போய்விடும்; இங்கே பையன்கள் விரும்பிப் போடும் கானாப் பாட்டுக்காரனுக்கு அதில் ஒரு காசும் வாராது. அவனுடைய பாட்டுக்குத்தான் அவர்கள் எடை தூக்கினார்கள். பணமோ அவன் பெயரே தெரியாத கணக்கில் போயிற்று.

அதனால் மாஸ்டரிடம் ஒன்று கேட்டுக்கொண்டேன். எவருக்குப் பணம் கட்டுவது என்பது தீரும்வரை, கூடத்தில் ஒலிக்கும் ஒவ்வொரு பாட்டையும் ஒரு நோட்டில் எழுதிவைக்க முடியுமா என்று. அவர் பள்ளிக்கூடத்து நோட்டு ஒன்றில் கோடு போட்டு, பாட்டு, படம், எழுதியவர், இசை, பாடியவர் என்று பத்தி பிரித்து, வாசலில் வருகைப் பதிவேட்டின் பக்கத்தில் வைத்துவிட்டார். காலை நேரத்துக்கு வரும் பையன்கள் முறைவைத்து எழுதுகிறார்கள். அந்த நோட்டை இன்று இங்கே கொண்டுவந்திருக்கிறேன். பாட்டும் படமும் பெரும்பாலும் நிரம்பியிருக்கின்றன. பாடியவர் பெயரும் உண்டு. எழுதியவர் என்ற பத்தியில் பல இடம் காலியாக இருக்கிறது. போன வாரம் போனபோது, எடை தூக்கி முடித்த ஒரு பையன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, போனில் தேடித்தேடி, காலியிடம் ஒன்றில் ஒரு பெயரை எழுதிக்கொண்டிருந்தான். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று என்னிடம் காட்டிக் கேட்டான். ஓரிடத்தில் ‘ழ’கரம் தவறியிருந்தது, அடித்துத் திருத்தி எழுதினான்.